இரண்டே நாளில் ஒரு கிரேக்கத் தீவு: சான்டோரினி போய்த் திரும்ப முடியுமா?

கேள்வி, 3 ஜூன் 2024

வெள்ளிக்கிழமை இரவு ஏதென்ஸ் வந்து இறங்குகிறோம், நானும் கல்லூரித் தோழன் ஒருவனும். திங்கள் காலை அவனுக்கு விமானம். நடுவில் ஒரு தீவைப் பார்த்துவிட ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் சான்டோரினி என்கிறார்கள். சனி காலை கப்பல் ஏறி ஞாயிறு இரவு திரும்பிவிட முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன் 2024, இரவு

முடியும். ஆனால் வேண்டாம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சான்டோரினிக்குப் பெரிய கப்பலில் ஏழெட்டு மணி நேரம். வேகக் கப்பல் என்றாலும் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். சனிக்கிழமைப் பகல் போவதற்கு, ஞாயிற்றுக்கிழமைப் பகல் வருவதற்கு. மிஞ்சுகிற ஒரு மாலையில் ஓயா கிராமத்துச் சுவரோரம் பெருங்கூட்டத்தில் தோளிடித்து நின்று சூரியன் மறைவதைப் பார்ப்பீர்கள். அதே சூரியன் ஏதென்ஸுக்குப் பக்கத்திலும் மறைகிறது.

ஏஜினா போங்கள். பெரிய கப்பலில் ஒன்றேகால் மணி நேரம், வேகப் படகில் முக்கால் மணிக்கும் குறைவு. போன செப்டம்பரில் நானும் என் நண்பன் ஒருவனும் போனோம். அவன் லண்டனிலிருந்து வந்தான், நான் மியூனிக்கிலிருந்து. காலையில் ஏதென்ஸில் பல் விளக்கிவிட்டுப் புறப்பட்டால் காலைக் காப்பி தீவில் குடிக்கலாம். இரண்டு நாள்தான் கையில் என்றால், தீவைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், கப்பல் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

4 ஜூன் 2024, காலை

"ஏஜினா எல்லாம் ஒரு தீவா? ஏதென்ஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகிற இடம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்ததே அதுதான். இந்த வாடிக்கையாளர் மறுபடி வரப்போவதில்லை என்று தெரிந்த ஊரில் சமைக்கிற சாப்பாடு வேறு. அடுத்த ஞாயிறும் அதே குடும்பம் பாட்டியோடு வந்து உட்காரும் என்று தெரிந்த ஊரில் சமைக்கிற சாப்பாடு வேறு.

துறைமுகத் தெருவுக்குப் பின்னால் மீன் சந்தை இருக்கிறது. சின்னச் சந்துதான். மீன் கடைகள், அவற்றை ஒட்டிக் கரி அடுப்பு வைத்த சிறிய உணவகங்கள். மேசை விரிப்பு வெறும் காகிதம், காற்றில் பறக்காதபடி விளிம்பில் கவ்வி மாட்டியிருந்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் ஆக்டோபஸ் கைகள் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன. கேட்டதும் அடுப்படியில் நின்றவர் ஒன்றை இறக்கித் தணலில் போட்டார். திருப்பவே அவசரப்படவில்லை. ஓரங்கள் கருகி, உறிஞ்சுகுழிகள் ஒவ்வொன்றும் மொறுமொறுவென்று ஆன பிறகு எடுத்துக் கத்தரிக்கோலால் தட்டிலேயே நறுக்கினார். மேலே எண்ணெய், எலுமிச்சை, கொஞ்சம் காய்ந்த ஓரிகானோ. மசாலா கிடையாது. இவ்வளவு குறைவாகச் செய்து இவ்வளவு ருசி வருமா என்று ஐயப்பட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தேன்.

என் நண்பன் ஆக்டோபஸைத் தொடவில்லை. அவன் சைவம். அவன் பாடு எப்படி என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது ஒரு கதை.

4 ஜூன் 2024, மாலை

வழி கேட்டவர்களுக்கு: ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீலத் தடம் 2022 அக்டோபரிலிருந்து நேராகப் பிரேயஸ் வரை போகிறது. மாற வேண்டியதில்லை. பழைய பயணக் குறிப்புகளில் மோனாஸ்டிராக்கியில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறச் சொல்லியிருப்பார்கள், அதை மறந்துவிடலாம். பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம், வாயில்களுக்கு எண் உண்டு. ஏஜினா, ஹைட்ரா, போரோஸ் போன்ற சரோனிக் வளைகுடாத் தீவுகளுக்கு இ8. மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம்தான். கிரீட் கப்பல் நிற்கிற பக்கம் போய்விட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு துறைமுகத்தைச் சுற்ற வேண்டியிருக்கும்.

பெரிய கப்பலா, வேகப் படகா? போகும்போதாவது பெரிய கப்பலில் போங்கள். டிக்கெட்டும் மலிவு. வேகப் படகில் கண்ணாடி ஜன்னலுக்குள் அடைந்து உட்கார வேண்டும், உப்பு படிந்த கண்ணாடி வழியாகக் கடல் ஒரு சாம்பல் நிறம். பெரிய கப்பலில் மேல்தளம் திறந்திருக்கும். கீழே லாரிகளும் வேன்களும் ஏறிக்கொண்டிருக்க, மேலே பிளாஸ்டிக் நாற்காலி பிடித்து உட்கார்ந்தால் பிரேயஸ் மெல்லப் பின்னுக்குப் போவது தெரியும். காற்று பலத்தால் முதலில் நிறுத்தப்படுவதும் வேகப் படகுதான்.

"சான்டோரினிக்கு விமானம் இருக்கிறதே, முக்கால் மணி நேரம்தானே" என்றும் ஒருவர். உண்மைதான். விமான நிலையத்துக்குப் போவது, பாதுகாப்புச் சோதனை வரிசை, இறங்கி விடுதிக்கு வண்டி என்று கூட்டிப் பாருங்கள். அதோடு, கப்பல் ஏறாமல் தீவுக்குப் போவது எனக்கு ஒப்பவில்லை. இது என் பிடிவாதம். உங்களுக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை.

5 ஜூன் 2024

கேள்வியில் "தோழனும்" என்று இருக்கிறது. தீவைவிட அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

என் நண்பன் பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். ஆனால் இருபது வருடமாக நாங்கள் தொலைபேசி நண்பர்கள்தான். தொலைபேசியில் ஒருவன் காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பவன் என்பது தெரியாது. ஏதென்ஸில் இறங்கியதுமே ஒரு தாளை நீட்டினான். பார்க்க வேண்டிய இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கு. மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தான். நான் துறைமுகத்தில் ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு வெயில் ஏறும் வரை உட்காரலாம் என்று வந்தவன்.

சண்டை வரவில்லை. காரணம், காலை நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். அவனவன் வழியில் போவது, ஒரு மணிக்கு மீன் சந்தை வாசலில் சந்திப்பது. மாலை இருவருக்கும் பொது. அவன் கொலோனா குன்றுக்குப் போனான். ஊரின் வடக்கு ஓரத்தில் அப்போலோ கோயில் இருந்த இடம். நான் துறைமுகத்தில் உட்கார்ந்து, கரையில் கட்டிய படகிலேயே தக்காளியும் கத்தரிக்காயும் வைத்து விற்கிற வியாபாரத்தை வேடிக்கை பார்த்தேன்.

ஒரு மணிக்கு வந்தான். "ஒரே ஒரு தூண் நிற்கிறது, அதற்கும் டிக்கெட்" என்றான். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "மீதிக் கோயில் எங்கே தெரியுமா? கல்லைப் பெயர்த்துத் துறைமுகம் கட்டிவிட்டார்களாம். காலையிலிருந்து நீ அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாய்" என்றான். இரண்டு பேரும் ஒரே கோயிலைத்தான் பார்த்திருக்கிறோம் என்று முடிவு செய்து சாப்பிட உட்கார்ந்தோம்.

5 ஜூன் 2024, இரவு

துறைமுகம் கட்டியது யார் காலத்தில் என்று கேட்டதற்கு: கபோடிஸ்ட்ரியாஸ் காலத்தில். புதிய கிரேக்க நாட்டின் முதல் ஆட்சித் தலைவர். 1828இல் ஏஜினாவில்தான் வந்து பொறுப்பேற்றார். 1829இல் தலைநகர் நாஃப்பிளியோவுக்குப் போகும் வரை இந்தச் சின்னத் துறைமுகம்தான் ஒரு நாட்டின் தலைநகர். முதல் நாணயமான ஃபீனிக்ஸ் இங்கேதான் அச்சடிக்கப்பட்டது. அதற்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க உலகின் மிகப் பழைய வெள்ளிக் காசுகளை அடித்ததும் இதே தீவு. அவற்றில் கடலாமை இருக்கும். பிற்காலக் காசுகளில் அது தரை ஆமையாகிவிடுகிறது. ஏதென்ஸிடம் கடற்படையை இழந்த சோகம் அது என்று சொல்பவர்கள் உண்டு. அச்சு செதுக்கியவனுக்குத் தரை ஆமை பிடித்திருக்கலாம் என்பது நண்பன் கட்சி.

7 ஜூன் 2024

ஏஜினாவில் அஃபாயா என்ற பெண் தெய்வத்துக்குக் கட்டிய பழைய கோயிலைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தீவின் வடகிழக்கில், பைன் மரங்கள் அடர்ந்த குன்றின் உச்சியில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து அகியா மரினா போகிற பஸ் கோயில் வாசலிலேயே நிற்கும். பொது ஆண்டுக்கு முன் 500ஐ ஒட்டிக் கட்டியது, அதாவது ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் நாம் இன்று பார்க்கிற பார்த்தெனான் கோயிலைவிட அரை நூற்றாண்டு மூத்தது. டோரிக் என்ற எளிய கிரேக்கத் தூண் பாணி, முகப்பில் ஆறு தூண், பக்கவாட்டில் பன்னிரண்டு. பளிங்கு இல்லை, உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். கயிறு கட்டியிருப்பதால் உள்ளே போக முடியாது. கயிற்றோரம் நின்று பார்த்தாலே கல்லின் பொத்தல்கள் தெரியும். இந்தப் பொத்தலை மறைக்கத்தான் அந்தக் காலத்தில் மேலே வழவழப்பான சுதை பூசியிருந்தார்கள். வெளித் தூண்களில் மூன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒற்றைக் கல். உருளை உருளையாக அடுக்கியது இல்லை. அதை எப்படி நிமிர்த்தினார்கள் என்று நண்பன் தாளில் குறித்த நேரத்தையும் தாண்டி நின்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் கட்டடப் பொறியாளன். அன்றைக்கு முதல் தடவையாக நான் அவனை அவசரப்படுத்தினேன்.

எனக்கு இந்தக் கோயில் வேறு விதத்தில் பழக்கம். இதன் முக்கோண முகப்புகளில் இருந்த சிலைகள் மியூனிக்கில் இருக்கின்றன, கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒரு யூரோ கட்டணம். மழை பெய்கிற ஞாயிறுகளில் எனக்கு அதுதான் போக்கிடம். ட்ராய் போர் வீரர்கள், பளிங்கில். மேற்கு முகப்பின் மூலையில் விழுந்துகிடக்கும் ஒருவன் நெஞ்சில் பாய்ந்த அம்பைப் பிடித்துக்கொண்டு புன்னகைக்கிறான், அந்தக் காலத்துச் சிற்ப வழக்கம் அது. கிழக்கு முகப்பின் மூலையில் இருப்பவன் கேடயத்தின் மேல் சரிந்து, எழ முயன்று முடியாமல் தலை கவிழ்கிறான். அவன் முகத்தில் பழைய சிரிப்பு போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறைகூட இல்லை. சிற்பக் கலை மாறிய தருணத்தை ஒரே கோயிலில் பார்க்கலாம் என்று கலை வரலாற்றுக்காரர்கள் இதைத்தான் காட்டுவார்கள்.

அருங்காட்சியகத்தில் சிலைகளைச் சுற்றி நடக்கலாம். முதுகு, பிட்டம், கேடயத்தின் உட்புறம், எல்லாம் முழுமையாகச் செதுக்கியிருக்கிறது. ஏஜினாவில் கோயிலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு உயரத்தில், பின்சுவரை ஒட்டி நிறுத்திய சிலையின் முதுகை மனிதர் யாரும் பார்த்திருக்கவே முடியாது. பார்க்க முடியாத பக்கத்துக்கு இத்தனை உழைப்பு. மேடையில் வைத்துச் சுற்றிவரச் செய்த மியூனிக்குக்கு இதற்காக நன்றி சொல்வதா, இறக்கிக் கொண்டுபோனதற்காகத் திட்டுவதா என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. பைன் மரங்களுக்கு நடுவே அகியா மரினாவுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை இருக்கிறது, நடந்தோம். இருபது வருடக் கதை ஓடிய இடம் அந்தப் பாதைதான். அதை இங்கே எழுதப்போவதில்லை.

8 ஜூன் 2024

சிலைகள் எப்படி மியூனிக் போயின என்று கேட்டவருக்கு. 1811இல் காக்கரல் என்ற ஆங்கிலேயரும் ஹாலர் ஃபான் ஹாலர்ஸ்டைன் என்ற ஜெர்மானியரும் கூட்டாளிகளும் கோயிலை அளந்து வரைய வந்தார்கள். தோண்டியதும் சிலைகள் கிடைத்தன. தீவு அப்போது துருக்கியரின் ஆட்டமன் ஆட்சியில். உள்ளூர்க்காரர்களுக்குச் சொற்பத் தொகை கொடுத்துவிட்டுப் படகில் ஏற்றிவிட்டார்கள். 1812இல் ஜான்டே தீவில் ஏலம். போர்க்காலம் என்பதால் சிலைகளைப் பத்திரமாக மால்டாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆள் பணத்தோடு மால்டாவுக்குப் போய்க் காத்திருக்க, ஏலமோ அறிவித்தபடி ஜான்டேயில் நடந்து முடிந்துவிட்டது. பவேரிய இளவரசர் லூட்விக்கின் ஆள் வாங்கிக்கொண்டார். ஒரு தீவு மாறிப் போனதில் லண்டனுக்குப் போயிருக்க வேண்டியது மியூனிக்குக்கு வந்தது. லண்டன்வாசியான என் நண்பனுக்கு இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

பிறகு தோர்வால்ட்சென் என்ற டேனிஷ் சிற்பி இல்லாத கை, கால், மூக்கையெல்லாம் புதிதாகச் செய்து ஒட்டினார். 1960களில் அருங்காட்சியகமே அவற்றைக் கழற்றிவிட்டது. சிலைகளுக்கு முதலில் வண்ணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் அங்கே நடந்த கண்காட்சியில் வில்வீரன் ஒருவனின் நகலை, கிடைத்த நிறத் தடயங்களை வைத்துப் பூசிக் காட்டினார்கள். உடலோடு ஒட்டிய கால்சட்டை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பல வண்ணம். படத்தைப் பார்த்த நண்பன், "வெள்ளையே தேவலை" என்றான். எனக்கு வண்ணம்தான் பிடித்திருக்கிறது.

9 ஜூன் 2024

"பார்த்தெனான், சூனியன் முனையின் போசைடன் கோயில், அஃபாயா மூன்றும் வரைபடத்தில் துல்லியமான சமபக்க முக்கோணம், பழங்காலத்தவரின் ரகசிய அறிவு" என்று ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். சமபக்கம் இல்லை. வரைபடத்தில் அளந்து பாருங்கள். சூனியனிலிருந்து மற்ற இரண்டும் ஏறக்குறைய 44, 45 கிலோமீட்டர். பார்த்தெனானுக்கும் அஃபாயாவுக்கும் நடுவே 30 கிலோமீட்டர் கூட வராது. இருசமபக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம். குன்றுக்குக் குன்று கோயில் உள்ள நாட்டில் மூன்றைப் பொறுக்கி எடுத்தால் அழகான முக்கோணம் கிடைக்கத்தான் செய்யும். அழகில்லாத முக்கோணங்களை யாரும் படம் போடுவதில்லை.

அஃபாயாவிலிருந்து அக்ரோபோலிஸ் தெரியுமா? தெளிந்த நாளில் ஏதென்ஸ் தெரியும். நாங்கள் போன அன்று வெயில் மங்கல். பார்த்தெனானைப் பார்த்துவிட்டதாக நண்பன் சாதித்தான். நான் பார்த்தது கட்டடக் கூட்டம்.

13 ஜூன் 2024

நேற்றும் இன்றும் ஏதென்ஸில் அக்ரோபோலிஸை நடுப்பகலில் மூடியிருக்கிறார்கள், அவ்வளவு வெயில். ஜூன் பாதியிலேயே இப்படி. கேள்வி கேட்டவர் எப்போது போகிறார் என்று சொல்லவில்லை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் நான் மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள். கோயிலுக்குத் திறக்கிற நேரத்தில் போங்கள். பைன் பாதையில் நடப்பதெல்லாம் வேண்டாம். "நாங்கள் திருநெல்வேலி வெயிலைப் பார்த்தவர்கள்" என்று நண்பன் சொன்னான்தான். அது செப்டம்பர், அதிலும் மதியம் இரண்டு மணிக்கு நிழல் தேடி முதலில் ஓடியவனும் அவனே. தீவில் தண்ணீர் பாட்டிலில் வாங்கிக் குடியுங்கள். தொப்பி.

16 ஜூன் 2024

சைவக் கதை. கிரேக்கத்தில் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டில் பாதி நாள் விரதம். இறைச்சி, பால், முட்டை கூடாது. அந்தச் சமையலுக்கு நிஸ்டீசிமோ என்று பெயர். விரதச் சாப்பாடு கேட்டால் நமக்குத் தோதாகக் கிடைக்கும் என்று நண்பன் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தான். பெருமையோடு கேட்டான். வந்தது இறால். இரத்தம் இல்லாத கடல் உயிர்கள், அதாவது இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் அவர்கள் விரதத்தில் சேரும். பரிமாறியவர் தவறேதும் செய்யவில்லை. நண்பன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.

ஆகவே உணவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஃபாவா: மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து மசித்து எண்ணெயும் வெங்காயமும் போட்டது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ஜிகாண்டெஸ்: பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறு, தக்காளிச் சாற்றில் அடுப்பில் சுட்டது. கெமிஸ்டா: தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்தது, சில வீடுகளில் இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஹோர்த்தா: அவித்த கீரை, எலுமிச்சை பிழிந்து. இதில் நான்கு தட்டு வாங்கினால் இரண்டு பேருக்குக் கண்டு மிஞ்சும். காரம் வேண்டுமென்றால் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் வைத்திருந்தான். ஃபாவாவோடு எலுமிச்சை ஊறுகாய் அற்புதம். கடைக்காரர் முகம் போன போக்கைச் சொல்ல மாட்டேன்.

18 ஜூன் 2024

பிரிட்டனில் வேலை விசாவில் இருக்கிற இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு: கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். லண்டனில் இருக்கிறோமே என்று டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு யோசிக்காதீர்கள். நண்பனுக்கு விசா நேர்காணல் கிடைப்பதற்குள் எங்கள் தேதி கோடையிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதனால்தான் பிஸ்தா அறுவடையைப் பார்க்க முடிந்தது என்பது வேறு விஷயம்.

25 ஜூன் 2024

வேறொருவர் குழந்தைகளோடு போகிறாராம். அப்படியானால் தெற்கே பெர்டிகா கிராமத்துக்குப் போய், அங்கிருந்து படகில் மோனி என்ற குட்டித் தீவுக்குப் போங்கள். பத்து நிமிடம்தான். யாரும் வசிக்காத தீவு, குளிக்கத் தெளிந்த நீர், கரையில் மயில்களும் மான்களும் உங்கள் பையை மோப்பம் பிடிக்கும். நண்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முருகன் கோயிலில் பார்க்காத மயிலையா கடல் தாண்டி வந்து பார்க்கிறோம் என்றான். ஆனால் அதற்குத் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்ததும் அவன்தான்.

பக்திமான்களுக்கு, நெக்தாரியோஸ் என்ற ஆர்த்தடாக்ஸ் ஆயரின் மடம். அவர் 1920இல் இறந்தவர், 1961இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். வருகிறவர்கள் வரிசையில் நின்று கல்லறைப் பளிங்கின்மேல் காதை வைத்துக் கேட்கிறார்கள். உள்ளே அவர் காலடி ஓசை கேட்கும் என்பது நம்பிக்கை. நானும் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் நெடுநேரம் காதை எடுக்கவேயில்லை.

எதிர்க் குன்றில் பாலியோகோரா. கடற்கொள்ளைக்குப் பயந்து மக்கள் கரையை விட்டு மலைக்குள் கட்டிய பழைய ஊர். 1537இல் ஆட்டமன் கடற்படைத் தலைவன் பார்பரோசா அதையும் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரே காலியாகிவிட்டது. வீடுகள் போய்விட்டன, முப்பதுக்கும் மேற்பட்ட சிறிய தேவாலயங்கள் மட்டும் சரிவெங்கும் நிற்கின்றன. இது நண்பனின் தாளில் இல்லாததால் போனோம். அதாவது, நான் சொன்னேன் என்பதற்காக அவன் வந்தான்.

2 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் போய்த் திரும்பிவிட்டாராம். சான்டோரினிக்கும் போகவில்லை, ஏஜினாவுக்கும் போகவில்லை. ஹைட்ரா! இத்தனை எழுதியதற்கு இதுதான் பலன்.

கோபமில்லை. ஹைட்ராவுக்கும் அதே இ8 வாயில்தான். கார், ஸ்கூட்டர் எதற்கும் அனுமதி இல்லாத தீவு. பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் சுமக்கும். அழகில் ஏஜினாவைவிட ஒரு படி மேல் என்பதை நான் மறுக்க மாட்டேன். துறைமுகத்தைச் சுற்றி அடுக்கடுக்காகக் கல்வீடுகள், பழைய கப்பல் முதலாளிகள் கட்டியவை. விலையும் ஒரு படி மேல். மணல் கடற்கரை எதிர்பார்க்கக் கூடாது, பாறையிலிருந்துதான் கடலில் இறங்க வேண்டும். அவர் எழுதியதிலிருந்து ஒன்று புரிகிறது: வண்டிச் சத்தம் இல்லாததால் இருவரும் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். பேசுவதற்காகப் போகிற நண்பர்களுக்கு ஹைட்ராவே சரியோ என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. ஆளுக்கொரு திசையில் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு பஸ்ஸும் கோயிலும் உள்ள ஏஜினா. அடுத்த தடவை ஹைட்ரா என்று நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் புதிய தாள் வந்துவிட்டது.

10 ஜூலை 2024

பிஸ்தாவைப் பற்றி இன்னும் எழுதவில்லை என்று கண்டித்திருக்கிறார்கள், நியாயம். ஏஜினாவின் பிஸ்தாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பு உண்டு, 1996லிருந்து. மரம் குட்டையானது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோகிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் அறுவடை. மரத்தடியில் வலையை விரித்துக் கோலால் தட்டுகிறார்கள். நாங்கள் பார்த்த தோட்டத்தில், தோல் நீக்கிய கொட்டைகளைச் சிமெண்ட் தரையில் மிளகாய் காயப்போட்டது போலப் பரப்பி, கட்டையால் கிளறிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். கையில் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தார். தோலோடு இருந்தவை ரோஜா நிறம், நகத்தால் கிள்ளினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பருப்பு ஈரமாக, இளந்தேங்காய்ப் பதத்தில். வறுத்த பிஸ்தாவை மட்டும் தின்றவர்களுக்கு இது வேறு பண்டம்.

வாங்குகிறவர்களுக்கு: துறைமுகத்தில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, கூட்டுறவுச் சங்கத்தின் கடையும் உண்டு. முதல் கடையிலேயே வாங்காதீர்கள், எல்லாரும் கையில் நாலு கொடுத்துத் தின்று பார்க்கச் சொல்வார்கள். "இந்த வருட அறுவடையா" என்று கேளுங்கள். இப்போது ஜூலையில் கிடைப்பது போன வருடத்தது, அதில் தவறில்லை. உப்புப் போட்டது வழியில் தின்ன, போடாதது வீட்டில் பாயசத்துக்கு. ஓடு உடைத்த பருப்பு விலை கூடுதல், சீக்கிரம் காறிப்போகும். ஓட்டோடு வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள், பல மாதம் தாங்கும். நண்பன் வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதற்குக் காரணம் டப்பா இல்லை.